டேப் கறுத்துவிட்டது, ஆனால் ஸ்போர் செத்ததா? பல் கிளினிக்கில் கருவிச் சுத்தத்தின் பிழை தேடும் வழி

இரண்டு நாற்காலி, நீராவியில் கருவிகளின் கிருமியைக் கொல்லும் ஒரு ஆட்டோகிளேவ், ஒன்றோ இரண்டோ உதவியாளர். சின்ன ஊர்களில் பல் கிளினிக் பெரும்பாலும் இவ்வளவுதான். பல வருடமாக நானும் அப்படி ஒரு கிளினிக்கில்தான் வேலை செய்கிறேன். கருவிச் சுத்தத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றும்போது எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்பதை, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை வைத்துச் சொல்கிறேன். டாக்டருக்கு எவ்வளவு உண்டோ, கருவி கழுவும் அக்காவுக்கும் அவ்வளவு இதில் வேலை உண்டு. அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். சந்தேகப்பட்ட லோடில், அதாவது மெஷினில் ஒரே தடவையில் ஓட்டியதில், வந்த கருவிகளை எல்லாம் தனி ட்ரேயில் எடுத்து, "எடுக்க வேண்டாம்" என்று எழுதி ஒதுக்கி வையுங்கள். காரணத்தை அப்புறம் தேடலாம். வெளியே நோயாளி காத்திருக்கும் அவசரத்தில் அந்த ட்ரேக்குள் கை போகும். அதற்காகத்தான் எழுதி வைக்கச் சொல்கிறேன்.

டேப் நிறம் மாறியிருக்கிறது, ஸ்போர் சோதனை தோற்றுவிட்டது

இதைத்தான் அதிகம் விளக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பல கிளினிக்குகளில் டேப்பைத் தவிர வேறு சோதனையே கிடையாது. பொட்டலத்தின் மேல் ஒட்டும் டேப்பில் கறுப்புக் கோடு வந்தால், அந்தப் பொட்டலம் மெஷினுக்குள் போய்ச் சூடுபட்டு வந்தது என்று மட்டும்தான் தெரியும். எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், நீராவி நடுவில் இருக்கும் ஃபோர்செப்ஸின் (பல் பிடுங்கும் இடுக்கி) மூட்டு வரை போனதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வெப்பம், நேரம், நீராவி மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது ஐந்தாம் வகை இண்டிகேட்டர் பட்டை. அதைப் பொட்டலத்துக்கு உள்ளே, நடுவில் வைக்க வேண்டும். உண்மையில் உயிர் செத்ததா என்று சொல்வது ஸ்போர் சோதனை ஒன்றுதான். ஜியோபேசிலஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற, வெப்பத்தை நன்றாகத் தாங்கும் பாக்டீரியாவின் வித்துகள், அதாவது ஸ்போர்கள், அதன் சின்ன ஆம்ப்யூலில் இருக்கும். லோடில் ஓட்டி எடுத்து 55 முதல் 60 டிகிரியில் வளர விட்டால், ஊதா நிறத் திரவம் மஞ்சளாக மாறினால் வித்து பிழைத்துவிட்டது என்று அர்த்தம். வாரம் ஒரு முறை இதைச் செய்யச் சொல்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. மெஷினுக்குள் போகாத ஒரு ஆம்ப்யூலையும் கூடவே வளர விடுங்கள். அது மஞ்சளாகவில்லை என்றால் சோதனையே செல்லாது.

சரி, தோற்றுவிட்டது. ஏன்?

குக்கரில் சோறு வைக்கிறவர்களுக்கு விடை பாதி தெரியும். மூடியில் ஆவி நன்றாகப் பீறிட்டு வந்த பிறகுதான் வெயிட் போடுவோம். உள்ளே அடைந்திருக்கும் காற்று முதலில் வெளியே போக வேண்டும். நின்ற வாக்கில் இருக்கும் சாதாரண ஆட்டோகிளேவும் அதே குக்கர்தான். காற்று முழுவதும் வெளியேறியிருந்தால் 15 பவுண்டு அழுத்தத்தில் உள்ளே 121 டிகிரி இருக்கும். பாதிக் காற்று தங்கிவிட்டால் அதே 15 பவுண்டில் 112 டிகிரிதான். காற்றை வெளியே விடவே இல்லை என்றால் வெறும் 100 டிகிரி. மூன்று நிலையிலும் முள் காட்டுவது ஒரே 15. பிரஷர் முள்ளை மட்டும் பார்த்து லோடு எடுக்கிறவர் மாதக்கணக்கில் ஏமாந்துகொண்டே இருக்கலாம். அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: வால்வை எப்போது மூடுகிறீர்கள்? விட்டு விட்டு வரும் ஆவி பற்றாது. தடையில்லாமல் ஒரே சீராக ஆவி வந்து, ஐந்து நிமிடமாவது போன பிறகு மூடுங்கள்.

அடுத்தது நேரம். ஸ்விட்ச் போட்டதிலிருந்து எண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெப்பம் 121ஐத் தொட்ட பிறகுதான் கடிகாரம் ஓட வேண்டும். பொதிந்த கருவிகள் என்றால் அங்கிருந்து 30 நிமிடம். நடுவில் கரண்ட் போனால் மீதி நிமிடங்களைக் கூட்டிக் கணக்கு முடிக்கக் கூடாது, முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

மூன்றாவது, நீராவிக்கு வழி இருக்கிறதா? மூடிய எவர்சில்வர் டப்பாவுக்குள் கருவிகளை அடுக்கி, மூடியை இறுக்கி அப்படியே ஆட்டோகிளேவில் வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த டப்பாவுக்குள் நீராவியே போகாது. உள்ளே இருப்பது சுடுகாற்று மட்டும். டிரம் பயன்படுத்துகிறீர்கள் என்றால் பக்கத் துளைகளைத் திறந்து வைத்து உள்ளே விட வேண்டும், வெளியே எடுத்தவுடன் மூட வேண்டும். இதை மாற்றிச் செய்கிறவர்களும் உண்டு. ஒரு பக்கம் காகிதமும் மறுபக்கம் பிளாஸ்டிக்கும் உள்ள பவுச்சுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைத்துத் திணித்தாலும் இதே பிரச்சினைதான். புத்தக அலமாரியில் புத்தகம் நிற்பது போலப் பக்கவாட்டில் நிற்க வையுங்கள்.

கடைசியாக கேஸ்கெட், அதாவது மூடியின் ரப்பர் வளையம். விரலை ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். விறைத்துப் போயிருந்தால், வெடிப்பு இருந்தால், ஓடும்போது ஒரு பக்கம் மட்டும் சீறினால் மாற்றிவிடுங்கள். வாசலின் தடவி ஒப்பேற்றுவது வேண்டாம்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கிளினிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு. ஊட்டியின் உயரத்தில் முள் 15 காட்டும்போது உள்ளே சுமார் 117 டிகிரிதான் வரும். 121 வேண்டுமானால் இன்னும் 3 அல்லது 4 பவுண்டு கூட வேண்டும். வால்வை நீங்களே திருகி அழுத்தம் ஏற்றாதீர்கள், ஆபத்து. மெஷின் கம்பெனியின் ஆளைக் கூப்பிட்டு அந்த ஊர் உயரத்துக்குச் சரிசெய்து தரச் சொல்லுங்கள். வெப்பமானி உள்ள மெஷினாக வாங்குவது இன்னும் நல்லது.

இதையெல்லாம் சரிசெய்துவிட்டு, அதே மாதிரி லோடு போட்டு மறுபடி ஸ்போர் வையுங்கள். இப்போது தேறினால், வெப்பமும் உள் பட்டையும் சரியாக இருந்தால், மெஷினைப் பயன்படுத்தலாம். இரண்டாவது முறையும் தோற்றால் மெஷினை நிறுத்துங்கள். கடைசியாகத் தேறிய சோதனைக்குப் பிறகு வந்த பொட்டலங்களில் கிடைப்பதை எல்லாம் திரும்ப எடுத்து, வேறு மெஷினில் மறுபடி சுத்தம் செய்யுங்கள். ரிப்பேர் முடிந்து வந்தாலும், காலியாக ஓட்டித் தொடர்ந்து மூன்று முறை ஸ்போர் தேறிய பிறகுதான் நோயாளிகளுக்கான லோடு. ஒவ்வொரு பொட்டலத்திலும் தேதியும் லோடு எண்ணும் இல்லை என்றால் எதைத் திரும்ப எடுப்பது என்றே தெரியாது. பத்து ரூபாய்க்கு வாங்கிய நோட்டுப் புத்தகம் ஒன்றில் லோடு எண், வெப்பம், அழுத்தம், நேரம், பட்டையின் நிறம், ஓட்டியவர் பெயர் எழுதினால் போதும். இதற்கு கம்ப்யூட்டர் வேண்டாம்.

பவுச் ஈரமாக வெளியே வருகிறது

ஈரமான காகிதம் வழியாகக் கிருமி உள்ளே ஊறிப் போகும். அதனால் ஈரப் பவுச் என்றால் அது சுத்தமாகாத பவுச் என்றே கணக்கு. காய வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், புதுப் பவுச்சில் மறுபடி ஓட்ட வேண்டும்.

உலர்த்தும் சுற்று இல்லாத மெஷினில், அழுத்தம் பூஜ்யத்துக்கு வந்த பிறகு மூடியை ஒரு விரல் அளவு மட்டும் திறந்து கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். உடனே திறந்து சூடாக வெளியே எடுத்தால், வெளிக்காற்று பட்டவுடன் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். இன்னொன்றையும் நேரில் பார்த்திருக்கிறேன். மெஷின் சரி, அடுக்கியதும் சரி, ஆனாலும் அடிப்பக்கம் மட்டும் ஈரம். சூடான பொட்டலங்களை நேராகக் கடப்பா கல் மேடையில் இறக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த கல் பட்ட பக்கம் வேர்த்துவிடுகிறது. கம்பி ட்ரேயோடு வெளியே எடுத்து, ட்ரேயிலேயே ஆற விடுங்கள்.

இதில் எதுவும் இல்லை என்றால் தண்ணீர் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்களா, வடிகால் வடிகட்டி அடைத்திருக்கிறதா, மெஷின் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். பயன்படுத்திய பவுச்சை மறுபடி ஒட்டி ஓட்டுவதும், ஸ்டேப்ளர் பின் அடிப்பதும் கூடாது. எழுதுவதானால் பிளாஸ்டிக் பக்கத்தில் எழுதுங்கள், காகிதப் பக்கத்தில் மை ஊறும்.

கருவியில் கறை, புள்ளி, துரு

நிறத்தைப் பாருங்கள். வெள்ளைப் பூச்சு போலப் படிந்திருந்தால் தண்ணீரின் உப்பு. போர் தண்ணீர் மட்டும் இல்லை, கேன் தண்ணீரும் இதற்குக் காரணம். குடிக்க நன்றாக இருக்கும் ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. மெஷினுக்குள் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பாருங்கள், 10க்குக் கீழே காட்ட வேண்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் யோசனை பலருக்கு வருகிறது. அதில் காயிலின் தூசியும் பூஞ்சையும் சேர்ந்தே வரும், வேண்டாம்.

பழுப்பு நிறம் என்றால் பள்ளிக்கூடப் பென்சில் அழிப்பானை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். கறை அழிந்து அடியில் உலோகம் வழவழப்பாக இருந்தால் அது வெறும் படிவு. அடியில் குழி தெரிந்தால் துரு பிடித்துவிட்டது, அந்தக் கருவியை ஒதுக்க வேண்டியதுதான். துருப் பிடித்த ஒன்று, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். நீலக் கறுப்பு நிறம் வந்தால் கார்பன் ஸ்டீல் பர்ரையும் (பல்லைக் கடையும் முனை) முலாம் பூசியதையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோடு ஒரே லோடில் கலந்திருப்பீர்கள்.

துருவுக்குப் பெரும்பாலும் ஆட்டோகிளேவ் காரணம் இல்லை. பல் எடுத்த கருவிகளை "ஊறட்டும்" என்று சேலைனிலோ பிளீச்சிங் கரைசலிலோ போட்டு வைப்பதுதான் காரணம். இரண்டிலும் இருக்கும் குளோரைடு ஸ்டீலைக் குழி குழியாகத் தின்றுவிடும். மூட்டு இறுகினால் தையல் மெஷின் எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு. அந்த எண்ணெய்ப் படலத்தை நீராவி ஊடுருவாது. தண்ணீரில் கரையும் கருவி எண்ணெய் தனியாகக் கிடைக்கிறது, அதை விடுங்கள்.

சுத்தம் செய்து வந்த கருவியில் ரத்தமோ சிமெண்டோ ஒட்டியிருக்கிறது

இந்த அறிகுறியைப் பார்த்தால் மெஷினைத் தொடவே வேண்டாம். பிழை சிங்க்கில் இருக்கிறது. அழுக்குக்கு அடியில் இருக்கும் கிருமியை நீராவி தொடாது. எத்தனை லட்ச ரூபாய் மெஷினாக இருந்தாலும் இதுதான்.

ரத்தம் காய விடாதீர்கள். உடனே கழுவ முடியாது என்றால் என்சைம் கரைசலில் போடுங்கள், குறைந்தபட்சம் ஈரத் துணியால் மூடி வையுங்கள். கொதிக்கிற தண்ணீரை முதலில் ஊற்றக் கூடாது. முட்டை வெந்து சட்டியில் பிடித்துக்கொள்வது போல ரத்தப் புரதம் கருவியில் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

ஒலி அதிர்வால் அழுக்கை எடுக்கும் அல்ட்ராசோனிக் தொட்டி வைத்திருந்தும் அழுக்கு போகவில்லை என்றால், டிபன் கட்டும் அலுமினியத் தாளில் ஒரு துண்டு எடுத்து உள்ளே தொங்கவிட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தாள் முழுக்க ஒரே சீராகப் பொடிக் குழிகள் விழ வேண்டும். ஒரு பக்கம் வழவழப்பாகவே இருந்தால் அதிர்வைத் தரும் அந்தப் பக்கத்துக் கிரிஸ்டல் வேலை செய்யவில்லை. தொட்டி சரி என்றால், கூடையில் திணித்திருப்பீர்கள், அல்லது கரைசலை மாற்றி இரண்டு நாள் ஆகியிருக்கும். தினமும் மாற்றுங்கள், ஓடும்போது மூடி போடுங்கள். ரூட் கெனால் ஃபைல்களின் முறுக்குப் பள்ளத்தில் பல் துகள் சிக்கிக்கொள்ளும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். போகாதவற்றை ஷார்ப்ஸ் டப்பாவில் போட்டுவிடுங்கள். நாற்காலிப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடி மணி ஸ்டெரிலைசரில் பத்து நொடி குத்தி எடுப்பது ஆட்டோகிளேவுக்கு ஈடாகாது. யு.வி. பெட்டியும் அப்படித்தான். சுத்தமான கருவியைத் தூசி படாமல் வைக்க ஒரு அலமாரி, அவ்வளவே.

ஹேண்ட்பீஸிலிருந்து கறுப்பு எண்ணெய் வடிகிறது, அல்லது இறுகிவிட்டது

ஹேண்ட்பீஸ் என்பது பல்லைக் கடையும் கைக்கருவி. அதை வெளியே ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்த நோயாளிக்கு எடுக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். ஹேண்ட்பீஸ் நிற்கும் கணத்தில் எச்சிலையும் ரத்தத்தையும் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் அதை ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும். அப்படியென்றால் ஒரு நாற்காலிக்குக் குறைந்தது நான்கைந்து ஹேண்ட்பீஸ் வேண்டும். செலவுதான், தெரியும். ஆனால் இதற்குக் குறுக்கு வழி இல்லை.

நோயாளி எழுந்தவுடன் தண்ணீரும் காற்றும் 20 முதல் 30 நொடி ஓட விட்டு, கழற்றி, துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி ஓட்டி மிச்ச எண்ணெயை வெளியேற்றிய பிறகு பவுச்சில் போடுங்கள். கடைசிப் படியை விட்டால்தான் கறுப்பு எண்ணெய் வடியும். உள்ளே குழல் உள்ள கருவி என்பதால், முன்கூட்டியே காற்றை உறிஞ்சி எடுக்கும் பி கிளாஸ் மெஷின்தான் இதற்கு ஏற்றது.

யூனிட் தண்ணீரில் வாடை, வழுவழுப்பு

யூனிட் என்பது நாற்காலியோடு சேர்ந்த பல் மெஷின். அதன் தண்ணீர்ப் பாட்டிலின் உட்புறம் விரலுக்கு வழுக்கினால், காலையில் முதல் தண்ணீரில் மண் வாடை வந்தால், நாற்காலிக்குள் போகும் மெல்லிய குழாய்களில் உயிர்ப்படலம், அதாவது கிருமிகள் சேர்ந்து ஒட்டிய படலம், படிந்துவிட்டது. குழாய் மெல்லியது, ராத்திரி முழுக்கத் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. கிருமிக்கு இதைவிட வசதி வேண்டாம். சிகிச்சைத் தண்ணீரில் ஒரு மில்லிக்கு 500 பாக்டீரியாக் கூட்டத்துக்கு (காலனி) மேல் இருக்கக் கூடாது என்பது சி.டி.சி.யின் வரம்பு. கவனிக்காத குழாயில் இதைப் போலப் பல மடங்கு சாதாரணமாக இருக்கும்.

இதை நான் பெரிதாகச் சொல்லக் காரணம் உண்டு. 2011இல் இத்தாலியில் 82 வயதுப் பெண் ஒருவர் லீஜியோனேர் நோய் என்ற நுரையீரல் தொற்றால் இறந்தார். அந்தக் கிருமி அவர் போன பல் கிளினிக்கின் தண்ணீர்க் குழாயிலிருந்து வந்தது என்று கண்டறிந்தார்கள். 2016இல் கலிஃபோர்னியாவின் அனஹைமில், பால் பல்லுக்கு நரம்புச் சிகிச்சை செய்துகொண்ட பல குழந்தைகளுக்குத் தண்ணீரிலிருந்த மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற பாக்டீரியா தொற்றியது. சிலர் நிரந்தரப் பல்லையும் இழந்தார்கள். நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியாத் தொற்று வந்து, அவர்களில் 8 பேர் இறந்தார்கள். 2025இல் வெளியான ஆய்வு கைகாட்டியது திறந்து வைத்த சேலைன் பாட்டிலை. ஈறு விலக்கும் எலிவேட்டராலேயே பாட்டிலைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, மறுபடி மறுபடி அதிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எங்கள் கிளினிக்கில் திறந்திருந்த பாட்டில்களை எல்லாம் கொட்டிவிட்டோம்.

ஆகவே சேலைன் ஒரு நோயாளிக்கு ஒரு பாட்டில். மிச்சம் இருந்தால் கொட்டுங்கள். சின்ன 100 மில்லி பாட்டிலாக வாங்கினால் மனசு வலிக்காது. பல் எடுப்பது, எலும்பைத் தொடும் அறுவை எதற்கும் யூனிட் தண்ணீர் கூடாது, ஸ்டெரைல் சேலைன்தான். யூனிட்டுக்குத் தனி பாட்டில் இருந்தால் ராத்திரி கழற்றிக் காலி செய்து கவிழ்த்து வையுங்கள். மாடி டேங்க் தண்ணீரை நேராகக் கொடுக்காதீர்கள். படலம் ஏற்கெனவே பிடித்திருந்தால் வெறுமனே ஓட விட்டால் போகாது. யூனிட் கம்பெனி சொல்லும் மருந்தை வைத்து ஒரு முறை முழுதாகக் கழுவி, அப்புறம் தண்ணீரில் போடும் தினசரி மாத்திரையைத் தொடர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு லேபில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள்.

கரைசல் தொட்டி பக்கம் போனால் கண் எரிகிறது

கிருமி கொல்லும் கரைசலான குளுட்டரால்டிஹைட் தொட்டியை மூடாமல் வைத்திருக்கிறீர்கள், அறையில் காற்றோட்டமும் இல்லை. அதோடு கேட்க வேண்டியது, அந்தத் தொட்டி எதற்கு? 2 சதவீதக் கரைசலில் 20 நிமிடம் போட்டு எடுத்தால் வித்துகள் சாகாது. முழு ஸ்டெரிலைசேஷனுக்கு 10 மணி நேரம் வேண்டும். ஆட்டோகிளேவ் தாங்கும் எந்தக் கருவியையும் இதில் போட வேண்டியதே இல்லை. தாங்காத ஒன்றிரண்டு பொருளுக்கு மட்டும் வையுங்கள், கலந்த தேதியைத் தொட்டியில் எழுதுங்கள், எடுத்ததும் ஸ்டெரைல் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். நோயாளியின் உதடு எரிகிறது என்று புகார் வந்தால் அலசாததுதான் காரணமாக இருக்கும்.

கழுவும்போது உதவியாளரின் விரலில் குத்திவிட்டது

குத்திய இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், டெட்டாலோ பிளீச்சிங்கோ ஊற்ற வேண்டாம். எந்த நோயாளியின் கருவி என்று எழுதி வைத்துக்கொண்டு, உடனே அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அழைத்துப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவை என்றால் 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயன் இல்லை. ஆரம்பித்தால் 28 நாள் சாப்பிட வேண்டும். "சாயங்காலம் கிளினிக் முடிந்து போகலாம்" என்று எந்த டாக்டரும் சொல்லக் கூடாது. அந்த அக்கா தானாகக் கேட்கத் தயங்குவார், நீங்களே ஆட்டோ பிடித்து அனுப்புங்கள்.

பிறகு ஏன் குத்தியது என்று பாருங்கள். பரிசோதனைக் கையுறையோடு கழுவியிருந்தால் அதுவே காரணம். பாத்திரம் கழுவ விற்கும் தடித்த ரப்பர் கையுறை, நீளக் கைப்பிடி பிரஷ், தண்ணீருக்குள் கருவி தெரியும்படி தேய்ப்பது, இவை போதும். ஊசியும் பிளேடும் சிங்க் வரை வரவே கூடாது, அவற்றை நாற்காலியிலேயே டாக்டர் கழற்றி ஷார்ப்ஸ் டப்பாவில் போட வேண்டும்.

ஹெப்படைட்டிஸ் பி இதில் எச்.ஐ.வி.யைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றும், ஆனால் அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி. மூன்றாவது ஊசி போட்டு ஒன்று இரண்டு மாதத்தில் ரத்தம் கொடுத்து, எதிர்ப்பு அளவு 10க்கு மேல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாக ஒருவரை வேலைக்கு எடுத்தால், சிங்க்கில் நிற்க விடுவதற்கு முன்பே முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள். செலவு கிளினிக்குடையது.